தனியாகக் கடல் கடக்க முதலில் தூங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சென்னையில் வார இறுதிகளில் லேசர் எனும் ஒற்றைப் பாய் சிறு படகு ஓட்டுகிறேன். சின்னப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் மினி டிரான்சாட் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. ஆனால் அட்லாண்டிக் நடுவில் வாரக்கணக்கில் தனியாகத் தாக்குப்பிடிக்கும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்று சந்தேகம். "மன உறுதி முகாம், தகுதி பெற்ற படகு, போட்டியில் இடம் எல்லாம் சேர்த்துத் தருகிறோம்" என்கிறார் ஓர் ஏஜென்ட். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். போட்டியில் சேர 1,000 கடல் மைல் தனியாக, நிற்காமல் ஓட்டியிருக்க வேண்டும். அது போக மினி வகுப்புப் பந்தயங்களில் 1,500 மைல் சேர்த்திருக்க வேண்டும். இரண்டும் ஓட்டுபவர் பெயரில் ஏறும் கணக்கு. படகோடு சேர்த்து அதை விற்க யாராலும் முடியாது. இடமும் அப்படித்தான். கேட்பவர் அதிகம், இடம் குறைவு, வரிசையில்தான் நிற்க வேண்டும்.

தைரியத்துக்கு வருவோம். 6.5 மீட்டர் படகில் தனியாகப் போகிறவரை வீழ்த்துவது பெரும்பாலும் பயம் அல்ல, தூக்கம். வேடிக்கை என்னவென்றால், அமைப்பாளர்கள் உயிர்காப்பு மிதவை, ஆபத்தை அறிவிக்கும் ஒளிக்குச்சி, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சரிபார்ப்பார்கள். நீச்சல் குளத்தில் உடையோடு குதித்து மிதவையில் ஏறினால் சான்றிதழும் கிடைத்துவிடும். உங்களுக்குத் துண்டு துண்டாகத் தூங்கத் தெரியுமா என்று மட்டும் ஒருவரும் சோதிப்பதில்லை.

20 நிமிடத் தூக்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கப்பலை வைத்துப் போட்ட கணக்கு. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் 20 நிமிடத்தில் ஏறக்குறைய 7 மைல் கடந்துவிடும். தாழ்வான படகில் உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரியும் அடிவானம் சுமார் 3 மைல்தான். கப்பல் உயரமானது என்பதால் இன்னும் தள்ளியே கண்ணில் படும், அவ்வளவுதான் உங்களுக்குள்ள அவகாசம். உடம்பும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்ததும் எது பாய் எது கயிறு என்றே புரியாது. தனி ஓட்டக்காரர்களின் தூக்கத்தை ஆராய்ந்த கிளாடியோ ஸ்டாம்பி, குட்டித் தூக்கங்களாக ஒரு நாளில் ஐந்து மணி நேரத்தை ஒட்டிச் சேர்த்தவர்களே நன்றாக ஓட்டியதைக் கண்டார்.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு வாரம் விடுப்பு எடுங்கள். 20 நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் எழுந்து வெளியே போய் வானத்தை ஒரு சுற்றுப் பாருங்கள், காற்றின் திசையை நோட்டில் எழுதுங்கள், மறுபடி படுங்கள். அந்த வாரம் வண்டியைத் தொடவே கூடாது. இரண்டாம், மூன்றாம் இரவில் அலாரத்தை அணைத்ததே நினைவில்லாமல் தூங்கிப்போவீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால் அலாரம் இரண்டு வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி, ஒன்று கைக்கு எட்டாத இடத்தில். 2018-ல் பிரான்சிலிருந்து கரீபியனின் குவாதலூப் தீவுக்குப் போகும் ரூட் டு ரூம் தனி ஓட்டப் போட்டியில் முன்னணியில் இருந்த அலெக்ஸ் தாம்சன் கைக்கடிகார அலாரம் வேலை செய்யாமல் தூங்கிப்போய், குவாதலூப் கரைப் பாறையிலேயே மோதினார். வெளியே வர இன்ஜினைப் போட்டதற்கு 24 மணி நேரத் தண்டனை, முதலிடம் போயிற்று.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, விளக்கமாகவே சொல்கிறேன். கரையிலிருந்து ஏறக்குறைய 100 மைலுக்குள் 20 நிமிடக் கணக்கு செல்லாது. அங்கே மீன்பிடிப் படகுகள் வலையோடு வளைந்து வளைந்து போகும். 15 மீட்டருக்குக் குறைந்த மீன்பிடிப் படகுகளுக்கு ஐரோப்பாவிலேயே ஏ.ஐ.எஸ். (தன் இருப்பிடத்தைச் சுற்றியுள்ள படகுகளுக்கு ரேடியோவில் அறிவிக்கும் கருவி) கட்டாயமில்லை. கருவி இருப்பவர்களிலும் சிலர் மீன் கிடைக்கும் இடம் பிறருக்குத் தெரியக் கூடாதென்று அணைத்துவைப்பார்கள். அப்போது உங்கள் ஏ.ஐ.எஸ். அலாரம் எதைப் பார்த்து அடிக்கும்? 2021 ஜனவரியில் உலகைத் தனியாக, நிற்காமல் சுற்றும் வாந்தே குளோப் போட்டி முடிய சுமார் 90 மைல் இருக்கையில், தூங்கிக்கொண்டிருந்த போரிஸ் ஹெர்மானின் படகு ஒரு மீன்பிடிப் படகில் மோதியது. ரேடார், ஏ.ஐ.எஸ். எல்லாம் இருந்தும் ஒன்றும் எச்சரிக்கவில்லை. முதல் மூன்று இடங்களுக்குள் வரவேண்டியவர் ஐந்தாவதாக வந்தார். ஆகவே அந்த 100 மைலில் விழித்திருக்க, அதற்குள் நுழைவதற்கு முந்தைய இரண்டு நாள்களில் வழக்கத்தைவிட மூன்று நான்கு குட்டித் தூக்கம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் முதல் இரவுக்கும் இதே கதைதான். கரை தாண்டும்வரை படுக்கக் கூடாது என்பதால் முந்தைய நாள் விருந்தைத் தவிர்த்துவிட்டுத் தூங்குங்கள்.

அடுத்தது கயிறு. நீங்கள் விழுந்தாலும் ஆட்டோபைலட் படகை ஓட்டிக்கொண்டே போகும், திருப்பி எடுக்க ஆள் இல்லை. 2 மீட்டர் பாதுகாப்புக் கயிற்றோடு விழுந்தால் படகு உங்களைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே ஓடும். 6 நாட் வேகத்தில் தலையை மேலே வைப்பதே பெரும்பாடு. அதனால் 1 மீட்டர் கயிறு, அதை மாட்டத் தளத்தின் நடுக்கோட்டில் கட்டிய பட்டை நாடா. உருண்டைக் கயிறு காலடியில் உருளும், வேண்டாம். கயிற்று நுனியின் கொக்கி எதிலாவது மாட்டிப் பக்கவாட்டில் இழுபட்டால் வளைந்து திறந்துகொள்ளும். 2017-ல் ஓர் உலகச் சுற்றுப் போட்டியில் அப்படி ஓர் உயிர் போனது.

2018 செப்டம்பரில், உலகைத் தனியாகச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியின்போது தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்ட இந்தியக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியால் எழவே முடியவில்லை. மாற்று சாட்டிலைட் போன் இருந்த அவசரப் பை படகுக்குள்ளேயே இருந்தும் எட்டவில்லை. பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அடுத்த கோல்டன் குளோப் போட்டியில் அவர் இரண்டாவதாக முடித்தார். உங்களுக்கு இதில் உள்ள பாடம் சின்னது: படுத்தபடியே கை நீட்டினால் தண்ணீர், டார்ச், போன் மூன்றும் எட்ட வேண்டும்.

கடைசியாக, மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய அவசர பீக்கனை (ஆபத்தில் சாட்டிலைட் வழியாக மீட்புக்குழுவை அழைக்கும் கருவி) வாங்காதீர்கள். அதன் 15 எழுத்துக் குறியீட்டில் பழைய படகின் நாடு பதிந்திருக்கும். மாற்றிப் பதியாவிட்டால் நீங்கள் மூழ்கும்போது மீட்புக்குழு வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருக்கும். படகு வாங்கும்போது படகின் நிலையைச் சோதிக்க ஏஜென்ட் கைகாட்டும் சர்வேயர் வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயதை எழுத்தில் கேளுங்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.