ஈன்ற பசுவின் முதல் மூன்று வாரங்கள்: கேள்வி பதில்

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஒடுகத்தூர் வட்டாரக் கிராமங்களில் பல ஆண்டுகள் கால்நடை மருத்துவம் பார்த்த அனுபவத்தில், வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களை எழுதியிருக்கிறேன். கன்று ஈன்ற மணியைத் தொழுவச் சுவரில் கரித்துண்டால் குறித்து வைப்பவர்களுக்கு இவை கூடுதலாகப் பயன்படும். ஏனெனில் இங்கே பாதி நோய்களை மணிக்கணக்கை வைத்தே பிரித்தறியலாம்.

கேள்வி (குடியாத்தம்): ஐயா, எங்கள் ஜெர்சி கலப்புப் பசு நான்காம் ஈத்தாக நேற்று மாலை கன்று ஈன்றது. இன்று விடியற்காலையிலிருந்து எழவில்லை. கழுத்தை மடக்கித் தலையை விலாவின் மேல் வைத்துப் படுத்திருக்கிறது. பால் காய்ச்சல் என்கிறார்கள். ஆனால் காதெல்லாம் சில்லென்று இருக்கிறதே?

பதில்: பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறதே தவிர, இந்த நோயில் உடல் சூடு ஏறுவதில்லை. பசுவின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்; பால் காய்ச்சலில் அது அந்த அளவிலோ அதற்குக் கீழேயோ நிற்கும், காதும் கால் நுனியும் குளிர்ந்திருக்கும், மூக்கின் நுனி உலர்ந்துவிடும், சாணம் போடுவதும் நின்றுவிடும். ஈன்ற 72 மணி நேரத்துக்குள் இப்படிப் படுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து வெளியேறுகிறது. பசுவின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் சுற்றிக்கொண்டிருப்பதோ ஏறத்தாழ 3 கிராம்தான். இழந்ததை எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் உடனே ஈடுசெய்ய முடியாதபோது தசைகள் தளர்ந்து பசு விழுந்துவிடுகிறது. உடனே மருத்துவரை அழையுங்கள், அல்லது 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கால்சியம் மருந்தை ரத்தக் குழாயில் மிக மெதுவாக, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதால், பாட்டிலை வாங்கி வந்து தானே ஏற்றிக்கொள்ளும் துணிச்சல் வேண்டாம்.

மருத்துவர் வரும்வரை வைக்கோல் நிரப்பிய சாக்குகளை இருபுறமும் முட்டுக்கொடுத்துப் பசுவை நெஞ்சின் மேல் நிமிர்ந்து படுக்க வையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை படுக்கும் பக்கத்தை மாற்றுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் ஆற்றல் குறைந்த பசுவுக்குக் கஞ்சி நுரையீரலில் இறங்கிவிடும். எழுந்த பிறகும் ஓரிரு நாள் மடியை ஒட்டக் கறக்காமல், கன்றுக்குத் தேவையான அளவு மட்டும் கறந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும்.

கேள்வி (ஆரணி): சினைக்காலம் முழுவதும் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொடியும் கால்சியம் டானிக்கும் குறைவில்லாமல் கொடுத்தோம். அப்படியிருந்தும் பால் காய்ச்சல் வந்துவிட்டதே, ஏன்?

பதில்: குறைவில்லாமல் கொடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் தீவனத்தின் வழியாகவே கால்சியம் ஏராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துத் தரும் சுரப்பி வேலையில்லாமல் சோம்பிக் கிடக்கிறது. ஈன்ற அன்று திடீரென்று தேவை எழும்போது அது விழித்தெழ ஓரிரு நாள் ஆகிறது. மல்லாட்டைக் கொடி பயறு வகையைச் சேர்ந்தது என்பதால் அதில் கால்சியம் மிகுதி. நம் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் கொடி மலிவாகக் கிடைக்கிறது, மாடும் விரும்பித் தின்கிறது, ஆகவே குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் கடைசி மூன்று வாரங்களுக்கு அதைக் குறைத்துச் சோளத்தட்டு, வைக்கோல், அளவான அடர்தீவனம் என்று மாற்றுங்கள். டானிக்கை ஈன்ற பிறகு கொடுங்கள்.

கேள்வி (ஒடுகத்தூர்): ஈன்று 14 மணி நேரம் ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. தொங்கும் கொடியில் செங்கல் கட்டச் சொல்கிறார் மாமியார். நஞ்சு விழும்வரை கன்றுக்குச் சீம்பால் விடக்கூடாது என்றும் சொல்கிறார்.

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம் அம்மா. விழுந்த நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது உங்கள் மாமியாரின் நம்பிக்கை. அதில் நான் குறுக்கிட மாட்டேன். செங்கல்லின் கதை வேறு: பாரம் இழுத்தால் கொடி பாதியில் அறுந்து உள்ளே தங்கும், கருப்பைச் சுவரும் கிழியலாம், சில நேரம் கருப்பையே வெளியே தள்ளிவிடும்.

நஞ்சு வழக்கமாக எட்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 12 மணியைத் தாண்டினால் தங்கிவிட்டதாகக் கொள்ளலாம். கையை உள்ளே விட்டுப் பிய்த்தெடுப்பதை இப்போது பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள், ஏனெனில் கிருமி உள்ளே போவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. சாணத்தில் புரளாதபடி தொங்கும் பகுதியின் நுனியை மட்டும் வெட்டிவிட்டு, காலையும் மாலையும் வெப்பமானியால் சூடு பாருங்கள். 103 டிகிரியைத் தாண்டினாலோ, நாற்றமெடுக்கும் செந்நிற நீர் வடிந்தாலோ, பசு தீனியை மறுத்தாலோ அன்றே ஊசி தேவைப்படும். எதுவும் இல்லையென்றால் கொடி அழுகித் தானே விழ ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். முள்ளங்கியோ, வெல்லமும் உப்பும் சேர்த்த வெண்டைக்காயோ கொடுக்கும் வழக்கத்தால் கெடுதல் இல்லை. அதை நம்பிக் காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதுதான் கெடுதல்.

கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போயிருக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருட்களைக் கன்றின் குடல் முதல் நாளில்தான் முழுமையாக உறிஞ்சும். நேரம் ஆக ஆக அந்தக் கதவு மூடிக்கொண்டே வருகிறது. மேலும், கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. அதாவது நஞ்சு விழவும் அதுவே துணை.

கேள்வி (பேர்ணாம்பட்டு): எட்டாம் மாதத்தில் கன்று செத்து விழுந்தது, நஞ்சும் தங்கிவிட்டது. போன ஆண்டு இன்னொரு பசுவுக்கும் இப்படியே ஆயிற்று.

பதில்: கருச்சிதைவு நோயான புரூசெல்லோசிஸ் இருக்கக்கூடும், ரத்தப் பரிசோதனை அவசியம். இது மனிதருக்கும் தொற்றும். கையுறையில்லாமல் நஞ்சையோ செத்த கன்றையோ தொடாதீர்கள், நாய்க்கு எட்டாமல் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதையுங்கள், பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். உங்கள் கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒருமுறை தடுப்பூசி போட்டால் போதும்.

கேள்வி (ஆற்காடு): ஈன்று மூன்று வாரம் ஆகிறது. பசு வைக்கோலைத் தின்கிறது, தவிடும் புண்ணாக்கும் வைத்தால் முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது. பாலும் குறைந்துவிட்டது, உடம்பும் இளைத்துவிட்டது.

பதில்: கீட்டோசிஸ் என்ற சத்துப் பற்றாக்குறை நோயின் சாயல் தெரிகிறது. தின்பதைவிடக் கறப்பது மிகுந்தால் பசு தன் கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறது. அதன் கழிவால் மூச்சில் பழம் புளித்தது போன்ற இனிய வாசம் வரும். வெல்லம் கரைத்துக் கொடுத்தால் அது பெரும்பாலும் முதல் வயிற்றிலேயே புளித்துப் போவதால் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறுவதில்லை. குளுக்கோஸை ஊசி வழியாகவும், புரோப்பிலீன் கிளைக்காலை வாய் வழியாகவும் மருத்துவர் தருவார்.

கேள்வி (போளூர்): சந்தையில் வாங்கிய ஈன்ற பசுவின் ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. மடி கல்லாக இறுகியிருக்கிறது. சோற்றுக்கற்றாழை பூசலாமா?

பதில்: மடிநோய்தான். மடியைப் பெரிதாகக் காட்டுவதற்காகக் கறக்காமலே ஓட்டி வரப்படும் பசுக்களிடம் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நீர்க்கக் கரைத்து, கறந்து கழுவிய மடியில் நாளொன்றுக்குப் பலமுறை பூசும் முறை தொடக்க நிலையில் உதவும். காய்ச்சலோ, பாலில் ரத்தமோ இருந்தால் அதோடு நிற்காதீர்கள். அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தரையில் விடாமல் தனியே கொட்டுங்கள். கறந்ததும் அரை மணி நேரம் தீனி போட்டு நிற்க வையுங்கள், காம்புத் துளை மூடிக்கொள்ளும். ஊசி போட்டால் மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பால் சொசைட்டிக்குப் போகக்கூடாது.

கேள்வி (காட்பாடி): நஞ்சு தங்கிய பசுவுக்கு எப்போது சினை ஊசி போடலாம்?

பதில்: நலமாக ஈன்ற பசுவுக்கே 60 நாள் பொறுப்பது நல்லது. உங்கள் பசுவின் பருவத்தில் வழியும் கோழையைக் கையில் எடுத்து வெயிலில் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக இருந்தால் ஊசி போடலாம். சீழ் இழையோ கலங்கலோ தெரிந்தால் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு முதலில் கருப்பைக்குச் சிகிச்சை செய்யுங்கள்.