அயோடின் மாத்திரை அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, என் அக்கா கல்பாக்கத்தில் இருக்கிறார், வயது 68. அணு உலையில் ஏதாவது நடந்துவிட்டால் என்று பயம். அயோடின் மாத்திரை அனுப்பட்டுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த மாத்திரை கதிரியக்க அயோடினிடமிருந்து தைராய்டை மட்டும்தான் காக்கும். விபத்தில் வெளியாகும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு அது ஒன்றும் செய்யாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் அது முக்கியம். 40 தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. அதிகாரிகள் சொல்லும் நேரத்தில் விழுங்க வேண்டும். ஒரு நாள் கழித்து விழுங்கினால் வீண்.

என் கவலை வேறு. 2011-இல் ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகள் பலர், கதிர்வீச்சால் அல்ல, அந்த அலைச்சலில் கவனிப்பில்லாமல் இறந்தார்கள். அதனால் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: தினமும் போடும் மாத்திரைகள், மருந்துச் சீட்டு, பேட்டரி ரேடியோ எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் கதவு, சன்னலைச் சாத்திவிட்டு இருக்க வேண்டும். பதறி ஓடக் கூடாது. அழைத்துப்போக யார் வருவார் என்றும் இப்போதே பேசி வையுங்கள். பிள்ளைகள் சென்னையில் இருந்தால் அது ஒரு பதில் ஆகாது.

அப்புறம், நம் மலேசியாவைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இங்கே அணுமின் நிலையம் இல்லை. பாங்கியில் 1982 முதல் இயங்குவது 1 மெகாவாட் ஆய்வு உலை.