ஏணி மேல் நிற்கும்போது கட்டிங் பிளேயர் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "ஐடிஐ முடித்துவிட்டு வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறேன். சாமான்களைச் சாக்குப் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். ஒவ்வொன்றையும் தேடியே பாதி நேரம் போய்விடுகிறது. இரும்பு டூல்ஸ் பாக்ஸ் வாங்கட்டுமா, இடுப்பில் கட்டும் பை வாங்கட்டுமா?"

நான் 19 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். சாக்கு, இரும்புப் பெட்டி, தோள் பை, இடுப்புப் பை, பெயிண்ட் வாளி எல்லாவற்றையும் சுமந்து பார்த்தாயிற்று. எதை வாங்கினாலும் கடையிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள் தம்பி. சாமானை எடுப்பதைச் சோதிக்க வேண்டாம், திரும்ப வைப்பதைச் சோதியுங்கள். ஒரு கையால், குனிந்து பார்க்காமல், வைத்த இடத்திலேயே திரும்ப வைக்க முடிகிறதா?

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எடுப்பது எந்தப் பையிலும் நடந்துவிடும். தேவை இருக்கிறது, எப்படியும் துழாவி எடுத்துவிடுவோம். திரும்ப வைக்கும்போது அந்த அவசரம் கிடையாது. பையின் வாய் சுருங்கியிருந்தால், ஜிப்பை இழுக்க வேண்டியிருந்தால், கை தானாகவே ஜன்னல் திட்டில் வைத்துவிடும். இல்லையென்றால் பரண் மேல், சன்ஷேடு மேல், ஏணியின் உச்சிப் படியில். நீங்கள் சொல்லும் அந்தப் பாதி நேரம் அங்கேதான் போகிறது.

நேரம் போனால் பரவாயில்லை. வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு வீட்டில் சீலிங் பாக்ஸில் வேலை முடித்துவிட்டுச் சுத்தியலை ஏணி உச்சியில் வைத்தபடியே இறங்கிவிட்டேன். ஹெல்ப்பர் பையன் ஏணியை அடுத்த அறைக்கு நகர்த்தினான். அரை கிலோ சுத்தியல், ஏறக்குறைய 10 அடி உயரம். அவன் தோள்பட்டையில் விழுந்தது. மூன்று வாரம் அவனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலை. 3 மீட்டரிலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் வரும் என்பதை அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் அம்மா முகத்தைப் பார்க்கப் போன அந்தச் சாயங்காலம் இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த வாரமே எனக்கு ஏற்ற மாதிரி ஒரு பை தைக்கக் கொடுத்தேன்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் பெட்டியா பையா என்பதில் இல்லை. சாமான்களை மூன்று இடமாகப் பிரியுங்கள். கண் வயரை விட்டு நகரக்கூடாத நேரத்தில் கைக்கு வேண்டியது இடுப்பில். குனிந்து எடுத்தால் போதும் என்பது காலடியில். நடந்து போய் எடுத்தால் போதும் என்பது வண்டியில் அல்லது மாடிப்படிக்குக் கீழே.

இடுப்பில் என்னிடம் இருப்பவை: 8 இஞ்ச் கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், வயர் ஸ்ட்ரிப்பர், இன்சுலேஷன் டேப், பென்சில். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. புதிதாகப் பை கட்டுகிறவர்கள் இருக்கிற பாக்கெட்டையெல்லாம் நிரப்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வலது பக்கம் மட்டும் மூன்று கிலோவுக்கு மேல் தொங்கவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க இடுப்பு வலியோடு திரிந்தேன். இப்போது இரண்டு பக்கமும் பிரித்துக் கட்டுகிறேன்.

கடையில் விற்கும் பைகள் பெரும்பாலும் ரெக்சின். பார்க்க நன்றாக இருக்கும். வியர்வையும் வெயிலும் பட்டால் மடிப்பில் வெடித்து உரியும். தோல் பை உறுதிதான், ஆனால் மழையில் நனைந்தால் விறைத்துப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். என் அனுபவத்தில் கெட்டி கேன்வாஸ்தான் சரி. லாரித் தார்ப்பாய் தைக்கும் கடைக்குப் போங்கள். அவர்களிடம் கனமான மெஷின் இருக்கும், ரிவெட் இருக்கும், பித்தளை வளையம் அடிக்கும் வசதியும் இருக்கும். பட்டைக்குப் பழைய காரின் சீட் பெல்ட் போதும், காயலான் கடையில் கிடைக்கும். சுமார் 2 இஞ்ச் அகலம், மனுஷன் எடையைத் தாங்கச் செய்தது.

தைக்கக் கொடுக்கும்போது நான் சொல்லித் தைத்த சில விஷயங்கள் உண்டு. பாக்கெட்டின் வாய் சாமானை விட இரண்டு விரல் அகலமாக இருக்க வேண்டும். வாய் மடிப்புக்குள் அட்டைப் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை நுழைத்துத் தைக்கச் சொன்னேன். அதனால் பாக்கெட் எப்போதும் வாய் திறந்தே நிற்கும், பிளேயரை மேலிருந்து விட்டால் உள்ளே இறங்கிவிடும். ஒவ்வொரு பாக்கெட்டின் அடியிலும் ஒரு பித்தளை வளைய ஓட்டை. சுவர் வெட்டும்போது விழும் சிமெண்ட் தூசியும் மழைத் தண்ணீரும் அதன் வழியாக வெளியேறும். அது இல்லாத பழைய பையில் தூசியும் ஈரமும் சேர்ந்து அடியில் கல்லாக இறுகி, ஸ்ட்ரிப்பரின் வாய் துருவேறிப் போனது.

ஸ்க்ரூ டிரைவருக்கு மட்டும் துணிப் பாக்கெட் நிற்காது, முனை குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்கு நம் வேலையில் மிச்சமாகும் முக்கால் இஞ்ச் பிவிசி பைப் துண்டு போதும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வீட்டுக்கு வெளியே காற்றாடும் இடத்தில் வைத்து, ஒரு முனையை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டுங்கள். இளகியதும் சோடா பாட்டிலின் கழுத்தில் அழுத்தினால் வாய் புனல் மாதிரி விரியும். அதைப் பாக்கெட்டுக்குள் இறக்கி மேலே இரண்டு தையல். இப்போது நான் ஏணி மேல் நின்றுகொண்டு, கண்ணைப் போர்டில் வைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை இடுப்புப் பக்கம் கொண்டுபோனால், புனல் அதை வாங்கிக்கொள்கிறது. பைப்பில் பிளேடு தட்டும் 'டக்' சத்தம் கேட்டால் உள்ளே போய்விட்டது என்று தெரியும். 11 வருடமாக அதே பைப் துண்டுகள்தான்.

பையை முன்பக்கம் கட்டாதீர்கள். ஏணிப் படியில் காலைத் தூக்கும்போது தொடை இடித்து சாமான் மேலே எழும்பும். பேண்ட்டின் பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால், கை தானாகத் தொங்கும் இடத்தில் பிளேயர் இருக்கட்டும். டெஸ்டரைச் சட்டைப் பாக்கெட்டில் குத்திக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. குனிந்தால் அது நேராக விழுவது திறந்து கிடக்கும் போர்டுக்குள்தான். அதையும் இடுப்புக்கே கொண்டுவந்துவிடுங்கள். கடைப் பைகளில் இன்சுலேஷன் டேப் மாட்ட ஒரு இரும்புச் சங்கிலி தொங்கும். எலக்ட்ரீசியன் முதல் வேலையாக அதை அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்ட வேண்டும். மெயின் போர்டு முன்னால் இடுப்பில் சங்கிலி ஆடக்கூடாது.

இன்னொன்று. சாக்கில் எல்லாவற்றையும் கொட்டி வைப்பதில் தேடுவதை விடப் பெரிய ஆபத்து இருக்கிறது. கரண்ட் உள்ள லைனில் வேலை செய்வதற்கான பிளேயர், டிரைவர்களுக்கு ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரம் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று பதிந்த இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் கைப்பிடியில் இருக்கும். கைப்பிடியை மூடியிருக்கும் இன்சுலேஷன் உறையில் ஒரு கீறல் விழுந்தால் அந்த 1000 வோல்ட்டை நம்ப முடியாது. ஹேக்சா பிளேடும் உளியும் அதே சாக்கில் உரசிக்கொண்டு வண்டியில் 20 கிலோமீட்டர் குலுங்கினால் கீறல் விழாமல் என்ன செய்யும்? இன்சுலேஷன் உள்ள சாமானுக்குத் தனி இடம், வெட்டும் சாமானுக்குத் தனி இடம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. சப்ளையை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு, அது வேறு. ஆனால் நிறுத்தியதாக நினைத்த லைனில் கரண்ட் இருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலடிக்கு வருவோம். இதற்கு என் தேர்வு 20 லிட்டர் பெயிண்ட் வாளி. பெயிண்டர்கள் வேலை முடித்துப் போகும் வீட்டில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். ஒட்டியிருக்கும் பெயிண்ட்டைக் கழுவ வேண்டாம், நன்றாகக் காயவிட்டால் பாளம் பாளமாக உரிந்து வந்துவிடும். வாளியின் சுற்றளவு 3 அடிக்குக் கொஞ்சம் மேல் வரும். பழைய ஜீன்ஸ் இரண்டை வெட்டிப் பாவாடை மாதிரி வெளிப்பக்கம் சுற்றி, அதில் ஒரு டஜன் பாக்கெட் தைத்துக்கொண்டேன். வெளியே ஸ்பானர், டேப், ஹேக்சா, ரசமட்டம். உள்ளே டிரில் மெஷின், சுத்தியல், உளிகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூடியைப் போட்டால் உட்காரும் ஸ்டூல். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வரும் பிளக் பாயிண்ட்டுகளை நாள் முழுக்க மாட்டும்போது, குத்துக்காலிட்டு உட்கார்வதற்கும் வாளி மேல் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் முன்னால் கால் வைக்கும் இடத்தில் கச்சிதமாக நிற்கும். மொட்டைமாடிக்கோ சாரத்துக்கோ ஏற வேண்டுமென்றால் வெறுங்கையோடு ஏறி, பிறகு கயிறு போட்டு வாளியை மேலே இழுத்துக்கொள்கிறேன். ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்குச் சொந்தம். ஒரு எச்சரிக்கை: வாளிக் கைப்பிடி பெயிண்ட் எடைக்குச் செய்தது. கம்பி காதிலிருந்து நழுவும் தன்மை உண்டு. கயிறு போடும்போது கைப்பிடியை நம்பாமல் வாளியின் அடியைச் சுற்றிக் கட்டுங்கள்.

ஸ்க்ரூ, பிளாஸ்டிக் பிளக், கனெக்டர் போன்ற பொடிச் சாமான்களுக்கு எங்கள் வீட்டுப் பழைய மர அஞ்சறைப் பெட்டியை விட நல்லதாக எதையும் நான் பார்க்கவில்லை. வட்ட எவர்சில்வர் பெட்டி வேண்டாம், வண்டியில் சாய்ந்தால் கிண்ணங்கள் எல்லாம் கலந்துவிடும். இழுத்து மூடும் பலகை வைத்த நீளப் பெட்டியில் மூடி அறைகளின் மேலேயே படிந்து உட்காரும், தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்க்ரூ போகாது. அம்மா கடுகு போட்ட அறையில் இப்போது முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ. ஏணி மேல் ஸ்க்ரூவை வாயில் கவ்வாமல் இருக்க, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி இடுப்புப் பட்டையில் தைத்திருக்கிறேன். இரும்பு ஸ்க்ரூ ஒட்டிக்கொள்ளும். பித்தளை ஒட்டாது, அதற்குப் பாக்கெட்தான்.

இரும்புப் பெட்டி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். படிப்படியாக விரியும் தட்டுகள் கொண்ட அந்தப் பெட்டி பட்டறைக்கும் வண்டிக்கும் நல்லது. ஆனால் வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட டைல்ஸ் மேல் அதை இழுத்தால் கோடு விழும், மூன்றாம் மாடிக்குத் தூக்கினால் வேலை தொடங்கும் முன்பே தோள் கழன்றுவிடும். அதை மூன்றாவது இடத்துக்கு, அபூர்வமாக எடுக்கும் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா மர ஆசாரி. அவருடைய உளிகளெல்லாம் ஒரு கெட்டித் துணியில், ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை தைத்து, பாய் மாதிரி சுருட்டிக் கட்டியிருக்கும். வேலைக்கு உட்கார்ந்ததும் விரிப்பார். எது எங்கே என்று ஒரே பார்வையில் தெரியும், ஒரு உளியின் கூர் இன்னொன்றில் படாது. பெட்டிக்குள் ஒரு சூடக் கட்டியும் போட்டு வைப்பார், துரு பிடிக்காது என்று. நானும் போடுகிறேன். சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், நாளடைவில் பிசுக்கேறிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்க வெளியே எடுப்போம் அல்லவா, அன்றைக்கே நான் பிரித்துவிடுவேன். போன பூஜைக்கு வைத்த குங்குமம் அழியாமல் இருக்கிற சாமான் வருடம் முழுக்கக் கை படாதது. அது வாளியிலிருந்து வீட்டுப் பெட்டிக்குப் போகும். இந்த முறை அப்படி நான்கு சாமான் போயின, வாளி ஒன்றரை கிலோ இளைத்தது.

நீங்கள் இப்போதுதான் தொடங்குவதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வாளியை இந்த வாரமே தேற்றிவிடலாம், செலவில்லை. இடுப்புப் பையை அடுத்த சம்பளத்தில் தையுங்கள். தார்ப்பாய்க் கடைக்குப் போகும்போது அளவு எழுதிய காகிதத்தோடு போகாமல் உங்கள் பிளேயர், டிரைவர், ஸ்ட்ரிப்பரையே கையில் கொண்டுபோங்கள். கட்டிங் பிளேயரை மூக்கு கீழாக வைத்து, கைப்பிடி முழுக்க வெளியே நிற்கிற ஆழத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கேயே, கடைக்காரர் முன்னாலேயே, கண்ணை மூடிப் பத்துத் தடவை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு தடவை தடுமாறினாலும் வாயை இன்னும் ஒரு விரல் அகலப்படுத்தித் தரச் சொல்லுங்கள்.