ஸ்காபரோவில் வழுக்கி விழுந்தவர், உப்புவெளிக்கு வந்த அறிவித்தல்

கேள்வி: ஓய்வுபெற்றுத் திருகோணமலை உப்புவெளிக்குத் திரும்பிவிட்டேன். கனடா ஸ்காபரோவில் என் பெயரில் உள்ள வீட்டை மேல்மாடி, நிலக்கீழ்த் தளம் என இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இருவருக்கும் பொதுவான வாகனப் பாதையில், கொங்கிறீற்றுக்கு அடியில் பனியை உருக்கும் சுடுநீர்க் குழாய்கள் உண்டு. கடந்த தை மாதம் அது வேலை செய்யவில்லை. கீழ்த்தளத்துக்கு வந்த விருந்தினர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 41ஆம் நாள் அவருடைய சட்டத்தரணி பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்பியிருக்கிறார். பனி அகற்றுவது வாடகைக்காரரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இங்கே இருக்கும் என்மீது வழக்கு நிற்குமா?

பதில்: நிற்கும், அம்மா. நீங்கள் எங்கே வசித்தாலும், வீடு இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டமே இதற்குப் பொருந்தும்.

ஒப்பந்த வாசகத்தை நம்பியிருக்காதீர்கள். வீட்டையும் பொதுப் பாதையையும் பேண வேண்டியவர் உரிமையாளர் என்பது அங்குள்ள வாடகைச் சட்டம். அந்தக் கடமையை வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியால் வாடகைக்காரர் தலையில் கட்ட முடியாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பனி அகற்றும் வேலைக்குக் கூலி பேசித் தனி உடன்படிக்கை செய்திருந்தால் கதை வேறு.

2021 ஜனவரி 29 முதல், பனியில் விழுந்து காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 41ஆம் நாள் என்பதால் தாமதம் என்று வாதிட இடமில்லை. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: அறிவித்தல் கிடைத்த நீங்களும் அதன் பிரதியை, அக்காலத்தில் பனி அகற்ற அமர்த்தியிருந்த ஒப்பந்தகாரருக்கும், அந்த இடத்துக்குப் பொறுப்பான மற்றவர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியாக வேண்டும். குழாய்த் தொகுதியைப் பராமரித்த நிறுவனம் ‘பனி அகற்றுபவர்’ ஆகுமா என்பது வாதத்துக்குரியது. என் யோசனை, அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

வழக்கின் உயிர் பராமரிப்புக் குறிப்புகளில் இருக்கிறது. சட்டம் கேட்பது சூழ்நிலைக்கேற்ற நியாயமான கவனம். இயந்திரம் பொருத்தியதே கவனமாகிவிடாது. தரையோடு தரையாகப் பதித்த சென்சர் ஈரத்தையும் குளிரையும் சேர்த்து உணர்ந்தால்தான் கொதிகலன் கிளம்பும். அதன் முகத்தில் மண்ணும் எண்ணெய்க் கசடும் படிந்தால், வெளியே பனி கொட்டினாலும் கொதிகலன் அசையாது. குழாயில் ஓடுவது வெறும் தண்ணீரன்று, உறையாமலிருக்கக் கிளைக்கோல் கலந்த நீர். அதன் செறிவையும் அமிலத்தன்மையையும் ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் சோதிக்க வேண்டும். பழசாகி அமிலமேறினால் உலோகப் பாகங்களை அரித்துவிடும். கடந்த இலையுதிர் காலத்தில் இதையெல்லாம் பார்த்ததற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா? பழுது எப்போது உங்களுக்குத் தெரிய வந்தது? தெரிந்தபின் உப்புத் தூவவோ பனியை வாரவோ யாரையாவது அமர்த்தினீர்களா? இம்மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் நீங்கள் தலைநிமிர்ந்து வாதாடலாம்.

அவர் விழுந்த இடத்தையும் கேட்டறியுங்கள். குழாய் முடியும் ஓரத்தில், உருகி வழிந்த நீர் மறுபடி உறைந்து கண்ணாடிபோல் படிவதுண்டு. அங்கே விழுந்திருந்தால் கேள்வி வடிகாலைப் பற்றியதாக மாறும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். தாமதித்தால் பாதுகாப்பு கைநழுவக்கூடும். வீடு வாடகைக்கு விடப்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்றும் பாருங்கள். காப்புறுதி பொருந்தினால், அங்கே வாதாடச் சட்டத்தரணியைப் பெரும்பாலும் அவர்களே அமர்த்துவார்கள். வழக்குத் தொடரக் காயப்பட்டவருக்குப் பொதுவாக 2 ஆண்டு அவகாசம் உண்டு. வழக்காவணம் இலங்கையில் உங்கள் கையில் கிடைத்தால், மறுமொழி தாக்கல் செய்ய உங்களுக்கு 60 நாட்கள். கடல் கடந்த வழக்குத்தானே என்று விட்டுவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, முதலில் அந்த வீட்டின்மீதுதான் கைவைப்பார்கள்.

காயப்பட்டவருக்கு நலம் விசாரித்து எழுதுவதில் தவறில்லை. பழுதைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். பழைய சென்சரைக் கழற்றியிருந்தால் அதை எறிய வேண்டாமென்று இன்றிரவே வாடகைக்காரரை அழைத்துச் சொல்லுங்கள். அது சான்றுப் பொருள்.