வடசேரி வீட்டுத் தண்ணீரை மேனேஜர் அடைத்த விஷயம்: பதில்

அக்கா, பராமரிப்புப் பணத்தில் தகராறு என்று மேனேஜர் மொட்டைமாடி வால்வை அடைத்துவிட்டார், முன்சீப் கோர்ட்டில் கேஸ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகைக்கு இருக்கிற உங்களுக்கு முதல் இடம் அது இல்லை. 2017-ல் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் அமலான தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் 20-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: தண்ணீர், கரண்ட் மாதிரி அத்தியாவசியமானதை வீட்டு உரிமையாளரும் நிறுத்தக் கூடாது, அவர் வைத்த மேனேஜரும் நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். அவர் எந்த ஆபீஸில் உட்காருகிறார் என்று நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள்.

ஒப்பந்தம் பதிவு செய்ததா? இல்லையென்றால் அதைச் சொல்லியே இழுத்தடிப்பார்கள், அதனால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் பாருங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம்.

அப்புறம், கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். பூட்டுப் போட்ட வால்வு தெரிகிற மாதிரி தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மேனேஜரிடம் பேசுவதை வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம்.