வீட்டிலிருந்து வேலை: மிச்சமாகும் நேரம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: சிறுசேரி சிப்காட்டில் ஐ.டி. வேலை. பெருங்களத்தூரில் வீடு. போய்வரவே தினமும் இரண்டரை மணி நேரம் ஆகிறது. இனி முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், இல்லையென்றால் வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரலாம் என்கிறது கம்பெனி. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அன்றாட வாழ்க்கைக்கு உண்மையில் என்ன லாபம்?

பதில்: லாபம் நிச்சயம் உண்டு. ஆனால் அதைப் பணத்தில் தேடாதீர்கள். போக்குவரத்துச் செலவு குறையும், சரி. பகலெல்லாம் ஏ.சி. ஓடினால் அதில் ஒரு பங்கு கரண்ட் பில்லுக்குப் போய்விடும். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணம்.

உண்மையான லாபம் நேரம்தான். 27 நாடுகளில் எடுத்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குச் சராசரியாக நாளுக்கு 72 நிமிடம் மிச்சமாவதாகத் தெரிந்தது. உங்களுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்த ஆய்வில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு: மிச்சமான நேரத்தில் சுமார் 40 சதவீதம் திரும்ப ஆபீஸ் வேலைக்கே போயிருக்கிறது. குழந்தைகள், பெரியவர்களைக் கவனிக்கப் போனது 11 சதவீதம்தான்.

ஏன் அப்படி? ஆபீஸில் ஆறு மணி கேப் வந்தால் எழுந்தே ஆக வேண்டும். வீட்டில் அப்படி எழுப்பிவிட ஒன்றும் இல்லை. "ஒரே ஒரு மெயில்" என்று உட்கார்ந்தால் எட்டாகிவிடும். அதனால் வீட்டு வேலைமுறைக்கு மாறும் முதல் நாளே அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் பெயர் வைத்துவிடுங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை மகளுக்கு: சாப்பாடு ஊட்டி, ஸ்கூலில் விட்டு வருவது. மாலை ஆறிலிருந்து ஏழு வரை உங்களுக்கு. இரண்டையும் ஆபீஸ் காலண்டரில் போட்டு அடைத்துவிடுங்கள்; டீமில் உள்ளவர்கள் அந்த நேரத்தில் மீட்டிங் வைக்கத் தயங்குவார்கள்.

அடுத்த லாபம், அரை நாள் லீவுகள். கேஸ் சிலிண்டர், பிளம்பர், மகளுக்கு லேசான காய்ச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் போட்ட லீவு இனி மிஞ்சும். மதியம் சூடான சாப்பாடு வேறு. ஒரு எச்சரிக்கை: "வீட்டில்தானே இருக்கிறாய், குக்கரை மட்டும் பார்த்துக்கொள்" என்பது முதல் வாரமே தொடங்கும். மகள் மதியம் வீட்டுக்கு வந்தால் யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கணவரோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பொறுப்பைத் தனியாக உங்கள் தலையில் போட்டுக்கொண்டால் இரண்டு வேலையும் கெடும்.

முழுதாகவா, மூன்று நாளா? என் வோட்டு மூன்று நாளுக்கு. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,600-க்கும் அதிகமானோரிடம் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தும் மூன்று நாள் ஆபீஸிலும் வேலை பார்த்தவர்களில் வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்விலும் அடி விழவில்லை. அதே நிறுவனம் 2010-இல் தொடங்கிய பழைய சோதனையில் வாரம் நான்கு நாள் வீடு. செய்து முடித்த வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் செய்த வேலைக்கு ஏற்ற பதவி உயர்வு கிடைக்கவில்லை, தனிமை தாங்காமல் பலர் ஆபீஸுக்கே திரும்பக் கேட்டார்கள்.

எந்த மூன்று நாள் என்பதை நீங்களே மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பேப்பரில் முன்னாலேயே வந்துவிடும். அந்த நாளை ஆபீஸ் நாளாக வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களுக்கு ரவுட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ். போதும். அப்புறம், இன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் கழித்து மற்றதற்கு மாற முடியுமா என்பதை எச்.ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், மெயிலில் பதிலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.