பக்கவாதம் வந்த தோழியைத் தூக்கிப் பராமரிப்பவருக்கு

கேள்வி: எனக்கு வயது 52. கல்லூரிக் காலத்திலிருந்து உடனிருக்கும் தோழிக்கு நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் பலமிழந்துவிட்டன. அவள் மணமாகாதவள், அண்ணன் மும்பையில் இருக்கிறார். பகலில் ஓர் உதவியாளர் வருகிறார், மாலை முதல் காலை வரை நான்தான். தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு வலி நிலைத்துவிட்டது. அவள் என்மீது எரிந்து விழுகிறாள், திடீரென்று அழுகிறாள். எனக்கும் கோபம் வருகிறது, பிறகு அதை நினைத்துத் தூக்கம் போகிறது. நான் இதை எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, திருச்சி

பதில்: முதலில் தூக்குவதை நிறுத்துங்கள். நோயாளியைக் கையாளும்போது ஒருவர் தன் கைகளால் தாங்கக்கூடிய எடை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோதான் என்று அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் கணக்கிட்டுச் சொன்னார். அதுவும் நிற்கும் இடமும் பிடிப்பும் சாதகமாக இருக்கும்போது மட்டுமே. வளர்ந்த ஒருவரின் உடல் எடை இதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும். ஆகவே உங்கள் இடுப்பு வலிக்கு உங்கள் பலவீனம் காரணமன்று. ஒரே ஆள் செய்யக்கூடாத வேலையை நீங்கள் தினமும் செய்துவந்திருக்கிறீர்கள்.

இப்படித் தூக்குவது உங்கள் தோழிக்கும் நல்லதல்ல. பக்கவாதத்திற்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் இயக்கம் வேகமாகத் திரும்பும், அதற்குப் பயிற்சி வேண்டும். முழுவதுமாகத் தூக்கப்படும் உடலுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை. அவரால் முடிகிற பங்கை அவரிடமே விட்டு, முடியாத பங்கை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, சக்கர நாற்காலியை அவருடைய இடப்பக்கம், அதாவது பலமுள்ள பக்கம், கட்டிலை ஒட்டி நிறுத்திப் பிரேக்கைப் போட்டு, கால்மிதிகளை மடக்கிவிடுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபின் உட்கார வையுங்கள். பாதங்கள் தரையில் முழுவதும் பதிந்து, முழங்காலுக்குச் சற்றே பின்னால் இருக்கட்டும்; மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் அளவுக்கு அவர் முன்னால் சாய்ந்தால் இடுப்பு தானாக எழும்பத் தொடங்கும். நீங்கள் வலப்பக்கம் நெருங்கி நின்று, உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்கால் மடங்காமல் அணைகொடுத்து, இடுப்பில் கட்டிய அகலமான பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால்கள் மடங்கலாம். முதுகு வளையவோ திருகவோ கூடாது. அவருடைய வலது கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், அக்குளிலும் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். குடும்பத்தினர் பாசத்தோடு செய்யும் பிழைகளில் நான் மிகுதியாகப் பார்ப்பது இதைத்தான்.

கட்டில் தாழ்வாக இருந்தால் உயரம் கூட்டக்கூடிய மருத்துவமனைக் கட்டிலை வாடகைக்கு எடுங்கள். இரவில் கழிவறைக்கு நடத்திச் செல்வதற்குப் பதில் கமோடு நாற்காலியைக் கட்டிலருகே வைத்துக்கொண்டாலே உங்கள் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும். அவர் கீழே விழுந்தால் தனியாகத் தூக்க முயல வேண்டாம். தலையணை கொடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, அக்கம்பக்கத்தாரை அழையுங்கள், அடி பலமென்றால் 108-ஐ அழையுங்கள்.

இனி அவருடைய கோபமும் அழுகையும். பக்கவாதத்திற்குப் பிறகு ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது எரிச்சலாகவும் வெளிப்படும். இதைத் தவிர, மூளையில் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் பாதைகள் பாதிக்கப்பட்டால், துயரம் எதுவும் இல்லாமலே அழுகை பீறிட்டு வரும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து உண்டு. எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம் என்று குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவருடைய கடுஞ்சொல்லை உங்கள் அன்புக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வரும் கோபமும் அன்பு குறைந்ததன் அடையாளமன்று. மாதக்கணக்கில் இரவுத் தூக்கம் கெட்டவர் எவருக்கும் அது வரும். ஆனால் அவரைக் கையாளும் நேரத்தில் கோபம் மேலிட்டால், அவரைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள்.

தோழி என்ற நிலையில் ஒரு தனிப்பட்ட கடினம் இருக்கிறது. உழைப்பு உங்களுடையது, ஆனால் கையெழுத்துக்கும் பணத்துக்கும் மருத்துவமனை உறவினரைத்தான் கேட்கும். அவருடைய அண்ணனிடம் "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. வாரத்தில் மூன்று இரவுகளுக்கு உதவியாளர் வேண்டும், அதற்கு மாதம் இவ்வளவு ஆகும், அதை நீங்கள் ஏற்க வேண்டும் என்று தொகையோடு கேளுங்கள். அந்தப் பேச்சைத் தோழியின் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு நடத்துங்கள். தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுப்பதும் அவரால் முடிகிற பங்குதான்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, வரும் இயன்முறை சிகிச்சையாளரிடம் மேலே சொன்ன இடமாற்றத்தை உங்களைச் செய்யச் சொல்லித் திருத்தும்படி கேளுங்கள். எழுத்தில் படிப்பது அதற்கு ஈடாகாது. மனம் தாங்காத இரவுகளில் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் இடுப்பு வலியை ஓர் எலும்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்கினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, அந்த வாரம் வரைகூடக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.